கார் உள்ளே இரைச்சல்: கதவைக் கழற்றும் முன் ஒரு மாஸ்கிங் டேப் வாங்குங்கள்

மாதம் இரண்டு முறை பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ போய் அம்மாவை அழைத்து வருவேன். ஊருக்குள் ஓட்டும்வரை தொல்லை இல்லை. ஹைவே ஏறி வேகம் 110-ஐத் தொட்டதும் பின் சீட்டிலிருந்து அம்மா ஏதோ சொல்வார், நான் "என்னம்மா?" என்பேன், அவர் மறுபடியும் சொல்வார். மெனோரா சுரங்கத்துக்குள் நுழைந்தால் அதுவும் கிடையாது. வெளியே வரும்வரை இருவரும் வாயை மூடிக்கொண்டு இருப்போம். "லோரியில உட்கார்ந்த மாதிரி இருக்குடா" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு இறங்கினேன் இந்த வேலையில்.

என் கார் 10 வயது தாண்டிய சின்ன ஹாட்ச்பேக். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, இந்த விலையில் வரும் கார்கள் எல்லாவற்றிலும் தகடு மெல்லியது, உள்ளே துணியும் நுரையும் குறைவு. கீழே எழுதியிருப்பது மூன்று வார இறுதிகளில் நானே செய்தது. இரண்டாவது வார இறுதி முழுக்க முதல் வாரம் செய்த தவற்றைச் சரிசெய்யவே போனது. அதனால் அந்த இடத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

படி 1: எந்தச் சத்தம் என்று பிரியுங்கள்

எல்லோரும் செய்வது போல நானும் முதலில் ஷாப்பியில் பியூட்டைல் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டும் ரப்பர் போன்ற தாள்) ஆர்டர் போட்டேன். அது தப்பு. முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

60-லிருந்து 80 வரை ஓட்டும்போதே "ஊம்" என்று அடிவயிற்றில் கேட்டால் அது டயரும் சாலையும். சாலையின் தார் மாறும் இடத்தில் சத்தம் சட்டென்று மாறும், அதுதான் அடையாளம். 90-க்கு மேல் "ஷ்ஷ்" என்றோ விசில் போலவோ காதுப் பக்கத்தில் வந்தால் காற்று. பினாங்குப் பாலத்தில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். அங்கே வேக வரம்பு 80 என்பதால் விசில் குறைவாக இருக்கும், டயர் இரைச்சலும் இணைப்புகளின் "தடக் தடக்"கும் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

கைப்பேசியில் டெசிபெல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் எண்ணை அப்படியே நம்பாதீர்கள், முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் போதும். அதே சாலை, அதே வேகம், ஏர்கோன் விசிறி நிறுத்தம், கைப்பேசி அதே இடத்தில். அளக்கிற வேலை பக்கத்தில் இருப்பவருடையது, ஓட்டுகிறவருடையது இல்லை. எனக்கு 110-ல் 75 காட்டியது.

இன்னொன்று. ஊம் சத்தம் வளைவில் கூடினால் ஷீட் வாங்காதீர்கள், பட்டறைக்குப் போங்கள். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் பாரம் ஏறுவது இடப்பக்கச் சக்கரத்தில். அந்தப் பக்கத்து வீல் பேரிங் போயிருக்க வாய்ப்பு உண்டு. அதை நுரை வைத்து மூடினால் ஆபத்தைத்தான் மூடுகிறீர்கள்.

படி 2: டயர்

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பழைய ரப்பர் கெட்டியாகும், கெட்டியானால் சத்தம் போடும். உள்ளங்கையை டயர் மேல் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பப் பல் போலவும் இருந்தால் தேய்மானம் சரியில்லை, அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

காற்று அழுத்தம் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பதுதான், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். பெட்ரோல் நிலையத்து மெஷின் கிலோபாஸ்கலில் காட்டினால் 220 என்பது ஏறக்குறைய 32 பிஎஸ்ஐ. டயர் சூடாவதற்கு முன் அடியுங்கள். நான் 250 வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன், பெட்ரோல் மிச்சமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு. தாளில் இருந்த 220-க்கு இறக்கியதுமே காரின் குணம் மாறியது.

புது டயர் வாங்குகிறவர்களுக்கு: ஐரோப்பிய லேபிளில் இருக்கும் டெசிபெல் எண் வெளியே சாலையோரத்தில் அளந்தது. உங்கள் சீட்டில் கேட்கப்போகும் சத்தம் அது இல்லை.

படி 3: காற்று நுழையும் இடம்

இதற்குத்தான் மாஸ்கிங் டேப். நீல நிறத்தில் வருவதை வாங்குங்கள். மஞ்சள் டேப் நம் வெயிலில் அரை நாள் இருந்தாலே பசையை விட்டுப் போகும், அப்புறம் மண்ணெண்ணெய் வைத்துத் துடைக்கும் தனி வேலை.

ஓட்டுநர் கதவு தவிர மற்ற மூன்று கதவுகளின் இடைவெளியையும் வெளிப்பக்கம் டேப் போட்டு மூடுங்கள். பக்கக் கண்ணாடியின் அடிப்பாகம், ஜன்னல் ஓரம், ஏர் பிரஸ் (ஜன்னலுக்கு மேல் ஒட்டும் மழைத் தடுப்புப் பட்டை) இருந்தால் அதன் விளிம்பு, எல்லாவற்றையும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, சாலை காலியாக இருக்கும்போது ஒரு ஓட்டம். சத்தம் குறைந்தால் எதிரி காற்றுதான். பிறகு ஒவ்வோர் இடமாக டேப்பை உரித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது ஓட்டத்தில் என் மச்சான் "இதுக்குப் புது காரே வாங்கலாம்" என்று இறங்கிப் போய்விட்டார். நான்காவதில் பிடித்துவிட்டேன்: இடப்பக்கக் கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் முக்கோணப் பிளாஸ்டிக். அதன் பின்னால் இருந்த பஞ்சு பொடியாகியிருந்தது. கைக்குட்டை மடிப்பளவு நுரைத் துண்டு வைத்ததும் விசில் நின்றது.

ஓட்டுநர் கதவுக்குச் சில்லறைச் சோதனை. கடை ரசீது ஒன்றைக் கதவு ரப்பரில் வைத்துச் சாத்தி, இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. எனக்கு மேல் பின் மூலையில் ரசீது வெண்ணெயில் கத்தி போல வழுக்கி வந்தது.

ரப்பரை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, சிலிகோன் தடவிப் பாருங்கள். பாதிக் கார்களுக்கு அதுவே போதும். போதவில்லை என்றால் பின்னால் ஒட்டும் பசையோடு வரும் ஈபிடிஎம் ரப்பர் சுருள் வாங்குங்கள். வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'D' எழுத்து போல அரைவட்டமாக இருக்கும். ஒட்டும்போது இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் ஒரு வாரத்தில் பழைய நீளத்துக்குச் சுருங்கி மூலையில் பிய்ந்துகொள்ளும். இணைப்பு எப்போதும் கதவின் அடியில் வரட்டும்.

ஏர் பிரஸ்ஸைக் கழற்றினால் காற்றுச் சத்தம் இன்னும் குறையும். நான் கழற்றவில்லை. மழையில் ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைக்க முடியாத காரை இந்த ஊரில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

படி 4: கதவு

வேண்டியவை: பிளாஸ்டிக் நெம்புகோல் (ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் பெயிண்ட் போகும், சொல்லிவிட்டேன்), மரப்பிடி போட்ட சின்ன உருளை, தகட்டைத் துடைக்க ஐசோபுரோப்பில் ஆல்கஹால், கையுறை, உங்கள் காருக்கான கதவுக் கிளிப் பத்து. கிளிப் கட்டாயம் உடையும். கையுறையும் கட்டாயம், ஷீட்டின் மேல் இருக்கும் அலுமினியத் தாளின் ஓரம் பிளேடு போல அறுக்கும்.

ஷீட் 2 மில்லிமீட்டர் பியூட்டைல். மலிவாகத் தார் ஷீட்டும் கிடைக்கும், வாங்காதீர்கள். மதிய வெயிலில் நிறுத்திய காரில் அது இளகி நாறும். முட்டைத் தட்டு வடிவ நுரை இன்னும் வீண், அது அறையில் எதிரொலியைக் குறைக்க வைப்பது. டப்பாவில் அடித்துப் பொங்க வைக்கும் நுரையைக் கதவுக்குள் அடித்தவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றுவதற்கு உங்கள் காரின் வீடியோ இருக்கும், பாருங்கள். பக்க ஏர்பேக் உள்ள கார் என்றால் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றி, கொஞ்சம் காத்திருங்கள். கதவுக்குள் இருக்கும் சென்சார் எதன் மேலும் ஷீட் ஒட்டாதீர்கள்.

வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டுங்கள், "டங்" என்று வெறும் தகர டின் போலக் கேட்கும். நடுவில் ஒரு கையகலத் துண்டை ஒட்டி உருளையால் அழுத்திவிட்டு மறுபடி தட்டினால் "தொப்". முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. தகட்டின் அதிர்வை அடக்கக் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு போதும். இந்த ஷீட் சத்தத்தைத் தடுக்கும் சுவர் இல்லை, தகடு அதிராமல் பிடிக்கும் கை, அவ்வளவுதான். நான் அது தெரியாமல் இண்டு இடுக்கு விடாமல் ஒட்டினேன். சதுர மீட்டருக்கு மூன்று கிலோ அளவில் எடை ஏறும் பொருள் இது.

இப்போது நான் விழுந்த இடம்.

கதவு என்பது மூடிய பெட்டி இல்லை. ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழை கதவுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போகும்படிதான் கட்டியிருக்கிறார்கள். அந்த நீர் உங்கள் பக்கம் வராமல் தடுப்பது கதவு அட்டைக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். நான் செய்தது இரண்டு. அடியில் இருந்த ஓட்டைகளை "இது வழியாகத்தானே சத்தம் வருகிறது" என்று ஷீட்டால் மூடினேன். பிளாஸ்டிக் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன், ஷீட்தான் இருக்கிறதே என்று.

அக்டோபர் மாதம். பினாங்கில் மழை வெளுத்து வாங்கும் காலம். மூன்றாவது நாள் பிறை நகரில் சிக்னலில் பிரேக் போட்டபோது கதவுக்குள் "சலக்" என்றது. பச்சை விழுந்து நகர்ந்தேன், மறுபடி "சலக்". இளநீர்க் காயைக் காதருகில் குலுக்கியது போல. வீட்டுக்கு வந்து அடியில் ஸ்க்ரூடிரைவரால் ஷீட்டைக் குத்தினேன். பழுப்புத் தண்ணீர் சரசரவென்று கொட்டியது, செருப்பு நனைந்தது. முன் விரிப்பைத் தூக்கினால் அதன் அடியில் பஞ்சும் ஊறியிருந்தது. அந்த வார இறுதி முழுக்க விரிப்பு மாடிக் கம்பியில் தொங்கியது. நாற்றம் போக இன்னும் இரண்டு வாரம்.

ஆகவே: ஷீட் ஒட்டும் முன் அடி ஓட்டைகளைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போடுங்கள், அங்கே கைவைக்காதீர்கள். முடித்ததும் கண்ணாடியின் மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள், அடியில் சொட்ட வேண்டும். பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரித்து, அதே இடத்தில் பியூட்டைல் கயிறு வைத்துச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். தாளின் கீழ் விளிம்பு கதவுக்குள் மடிந்திருந்தது என்றால் அப்படியே மடித்து உள்ளே விடுங்கள், வெளியே வழிய விடாதீர்கள். ஜன்னலை முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்து, கண்ணாடி எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பிறகுதான் அட்டையை மூடுங்கள்.

படி 5: பின்பக்கம்

ஹாட்ச்பேக் காரில் டயர் இரைச்சலுக்குப் பின்பக்கம்தான் பெரிய வாசல். பின்பக்கச் சாமான் அறையின் (பூட்) அட்டையைத் தூக்கி, ஸ்பேர் டயர் குழியிலும் பின் சக்கர வளைவின் மேலும் ஷீட், அதன் மேல் நீர் உறிஞ்சாத நுரை. இரண்டு மணி நேர வேலை. அம்மா உட்காரும் இடத்துக்கு இது கதவை விட அதிகம் உதவியது. எக்ஸாஸ்ட் குழாய் போகும் அடிப்பகுதியின் வெளியே எதையும் ஒட்டாதீர்கள்.

கூரையை நான் தொடவில்லை. மழைச் சத்தம் பிடிக்கும்.

எல்லாம் முடித்து அதே சாலையில், அதே 110-ல், 71. நான்கு டெசிபெல்தானா என்று மச்சான் சிரித்தார். காதுக்குப் பாதியாகக் குறைந்தது போலத் தோன்ற ஏறக்குறைய 10 குறைய வேண்டும், உண்மைதான். ஆனால் இந்த நான்கில் விசிலும் இல்லை, தகர டின் சத்தமும் இல்லை. எனக்கு ஆன செலவு 380 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), அதில் 90 வெள்ளி தேவையில்லாமல் ஒட்டிய ஷீட்.

பிற்சேர்க்கை: புது ரப்பர் ஒட்டியபின் கதவு சாத்தவே முடியவில்லை, பாட்டி காரில் ஏறமாட்டேன் என்கிறார் என்று கூலிமிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். தடிமன் கூடிய ரப்பர் வாங்கியிருப்பீர்கள். கதவுக் கீல் இருக்கும் பக்கத்தில் மட்டும் உரித்துவிட்டுப் பாருங்கள், அங்கேதான் முதலில் நசுங்கும். ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் படியும். ஒரு ஜன்னலைச் சற்று இறக்கிவிட்டுச் சாத்தினால் சுலபமாக மூடுகிறதா? அப்படியானால் தடுப்பது ரப்பரை விட உள்ளே அடைபடும் காற்று. பாட்டிக்கு அதைக் கற்றுக்கொடுப்பதை விட மெல்லிய ரப்பராக மாற்றிவிடுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: கதவு அட்டை திரும்ப மாட்டியபின் பவர் விண்டோ வேலை செய்யவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இருவருக்கும் சுவிட்சின் பிளக் அட்டைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாக் கிளிப்பையும் அழுத்துவதற்கு முன் பட்டனைத் தட்டிப் பாருங்கள்.

அம்மா இப்போது ஈப்போவிலிருந்து ஏறியதும் தைப்பிங் வருவதற்குள் தூங்கிவிடுகிறார்.