வந்த வீடுகள், போன வருமானம்: கிராமப்புற கவுண்ட்டிக்கு ஐஆர்எஸ் கோப்பில் கணக்குப் போடுவது எப்படி?

அமெரிக்க வருமானவரித் துறையான ஐஆர்எஸ், ஒரே ஆளின் வரிப் படிவத்தில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முகவரியை ஒப்பிட்டு, யார் எந்த கவுண்ட்டிக்கு (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) குடிபெயர்ந்தார்கள் என்று கோப்பாக வெளியிடுகிறது. இலவசம்தான். பயிற்சிக்கு வயோமிங் மாநிலத்தின் டீட்டன் கவுண்ட்டியை எடுத்துக்கொள்வோம். புதியவர்கள் வழுக்கி விழும் இடங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன.

படி 1: 2021–2022க்கான கவுண்ட்டி கோப்புகள் இரண்டையும் இறக்குங்கள். ஒன்று வந்தவர்களுக்கு (இன்ஃப்ளோ), மற்றது போனவர்களுக்கு (அவுட்ஃப்ளோ). இரண்டும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு). எக்செலில் திறந்தால் 039 என்ற கவுண்ட்டிக் குறியீடு வெறும் 39 ஆகிவிடும். பிறகு வேறு கோப்போடு இணைத்தால் பொருந்தாது. அந்தப் பத்தியை (காலம்) எழுத்து வடிவுக்கு மாற்றி மூன்று இலக்கமாக்குங்கள்.

படி 2: பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஐடஹோ மாநிலத்திலும் ஒரு டீட்டன் (16-081; முதலில் மாநிலக் குறியீடு, பிறகு கவுண்ட்டிக் குறியீடு), மொன்டானாவிலும் ஒன்று (30-099). நமக்கு வேண்டியது 56-039. ஐடஹோவின் டீட்டன், மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம்தான். வயோமிங் டீட்டனின் ஜாக்சன் நகரில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கே வீட்டு விலை கட்டுப்படியாகாமல் ஐடஹோ பக்கமிருந்து வந்துபோகிறவர்கள் நிறைய. பெயரால் சலித்தால் இரண்டும் கலந்துவிடும்.

படி 3: பத்தியை அப்படியே கூட்டாதீர்கள். மொத்தம், அதன் உட்பிரிவு, தனித்தனி கவுண்ட்டிகள் எல்லாம் ஒரே பத்தியில் இருப்பதால் ஒருவரே இரண்டு மூன்று முறை எண்ணப்படுவார். 96-000 என்ற குறியீடுள்ள வரிசை ஒன்றே மொத்தம். 97-001 அதே மாநிலத்திலிருந்து, 97-003 பிற மாநிலங்களிலிருந்து, 98-000 வெளிநாட்டிலிருந்து. எதிரில் அதே 56-039 இருக்கும் வரிசை இடம் மாறாதவர்களுடையது.

படி 4: ‘என்1’ படிவங்களின் எண்ணிக்கை, ஏறத்தாழ குடும்பங்கள். ‘என்2’ ஆட்கள். ‘ஏஜிஐ’ என்பது சரிசெய்த மொத்த வருமானம். ஆயிரம் டாலர் கணக்கில் இருக்கும், மறந்துவிட வேண்டாம். வந்தவர்களின் 96-000 வரிசையிலிருந்து போனவர்களின் 96-000 வரிசையைக் கழித்தால் நிகரம்.

படி 5: ஏஜிஐயை 1,000ஆல் பெருக்கி என்1ஆல் வகுத்தால் குடும்ப சராசரி. இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: 99 குடும்பங்கள் தலைக்கு 60,000 டாலர், ஒரே ஒருவர் 5 கோடி. சராசரி 5,59,400! அந்த வருமானத்தில் எவரும் அங்கே இல்லை. வயோமிங்கில் மாநில வருமானவரி கிடையாது. அதற்காகவே முகவரியை அங்கே மாற்றும் பெரும்பணக்காரர்கள் உண்டு. அந்தப் பணம் உள்ளூர்க் கடைகளில் புழங்குகிறதா என்று இந்தக் கோப்பு சொல்லாது.

படி 6: 20 படிவங்களுக்குக் குறைந்த எதிர்க் கவுண்ட்டிகள் தனியாக வராது, 58, 59 என்று தொடங்கும் ‘மற்றவை’ வரிசைகளில் சேர்ந்துவிடும். சிறிய கவுண்ட்டியில் பெரும்பாலானவை இப்படித்தான் மறையும். −1 என்றிருந்தால் மறைக்கப்பட்டது என்று பொருள், நட்டம் அல்ல. அதைக் காலியாக்கிய பிறகே கூட்டுங்கள்.

வரிப் படிவமே தாக்கல் செய்யாத ஏழை முதியோர், மாணவர்கள் இதில் இல்லை. பல ஆண்டுகளை ஒப்பிடுவதானால் 2011–12 முதலான கோப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு முன் செப்டம்பர் வரை வந்த படிவங்களை மட்டுமே எண்ணினார்கள்.