புது டிசைன் தோன்றவில்லையா? நூலைச் சுற்றிப் பாருங்கள்

ஆந்திராவின் லேபாட்சி வீரபத்திரர் கோயிலில், 16ஆம் நூற்றாண்டு விதான (உட்கூரை) ஓவியங்களில் உள்ள உருவங்களின் ஆடைகளை மட்டும் கவனியுங்கள். கட்டம், கோடு, பூ, கரை என அத்தனையும் ஜவுளிக் கலைஞருக்கான பாடம். படம் எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம், பழைய வண்ணத்துக்கு நல்லதல்ல.

முழு ஓவியத்தையும் நகலெடுக்க முயன்றால் திணறுவீர்கள். ஓர் அட்டையில் 5 செ.மீ. சதுர ஓட்டை வெட்டி, எடுத்த படத்தின் மேல் நகர்த்துங்கள். பிடித்த துண்டில் எந்த நிறம் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு 5×15 செ.மீ. கெட்டி அட்டையின் பின்புறம் இருபக்க டேப் ஒட்டி, அதே விகிதத்தில் நூல்களை நெருக்கமாக, ஒரே அடுக்காகச் சுற்றுங்கள். இறுக்கினால் அட்டை வளையும். தளர்ந்தால் இடைவெளி தெரிந்து நிறம் ஏமாற்றும். எல்லா நிறமும் சம அளவில் வந்தால் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். அப்போது ஒரு நிறத்தை முக்கால் பங்கு ஆளவிடுங்கள், இன்னொன்றை இரண்டே இழையாக்குங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்து முடிவெடுங்கள்.

இதைத் தனியாகச் செய்வதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து செய்வது மேல். எல்லோரும் ஒரே படத்திலிருந்து ஆளுக்கொரு அட்டை சுற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அட்டைகளை மாற்றிக்கொண்டு, அடுத்தவர் அட்டையைப் பார்த்து 15 செ.மீ. மாதிரித் துணி ஒன்று தைக்கவோ நெய்யவோ செய்யுங்கள். சாயத்துணி என்றால் முதலில் தனியாக அலசுங்கள். சாயம் விட்டால் நண்பரின் வேலையும் கெடும்.