மின்வெட்டுக்குப் பின் ஸ்விட்ச் பதிவுகளைப் படிக்க

டர்பனில் மின்வெட்டு முடிந்து, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் மீண்டும் இயங்கும்போது அதன் நினைவகத்திலிருந்த பதிவுகள் பெரும்பாலும் அழிந்திருக்கும் என்பதால், சிஸ்லாக் செய்திகளை (கருவிகள் அனுப்பும் நிகழ்வுப் பதிவுகளை) யுபிஎஸ் இணைப்புள்ள ஒரு சர்வருக்கு யுடிபி நெறிமுறையின் 514ஆம் எண் வழியே அனுப்பிவையுங்கள். அதைவிட முக்கியமானது நேரம். பல சிஸ்கோ ஸ்விட்சுகள் மின்சாரம் வந்ததும் ‘மார்ச் 1, 1993’ என்றே பதியத் தொடங்கும். ஆகவே எல்லாக் கருவிகளையும் கடிகாரங்களை ஒத்திசைக்கும் ஒரே என்டிபி சர்வருடன் இணைத்து, நேர மண்டலத்தைத் தென்னாப்பிரிக்காவுக்குரிய யுடிசி+2 என்றே அமையுங்கள். செய்திகளின் தீவிரநிலைகள் 0 (மிக அவசரம்) முதல் 7 (பிழைதிருத்த விவரம்) வரை உள்ளன. 7ஆம் நிலைச் செய்திகள் வட்டை நிரப்பிவிடும், அன்றாடத்துக்கு 6 வரை போதும். ஆராயும்போது போர்ட் (கேபிள் செருகும் துளை) இணைப்பு விழுந்ததை, எழுந்ததைக் காட்டும் ‘லிங்க்-3-அப்டவுன்’ வரிகளை முதலில் பாருங்கள்: ஒரே போர்ட் அடிக்கடி விழுந்து எழுந்தால் கேபிளையும் அதன் முனையையும் சோதிக்க வேண்டும், எல்லாப் போர்ட்டுகளும் ஒருசேர எழுந்திருந்தால், ஸ்விட்சே மின்சாரம் இழந்து மீண்டிருக்கக்கூடும்.