லுவாங்வா பள்ளத்தாக்குக்கு ஊழியத்துக்குப் போகிறீர்களா? பாம்பு, முதலை, நீர்யானை, யானைக்கு நடுவே வாழும் முறை

கிழக்கு சாம்பியாவில் உள்ள லுவாங்வா பள்ளத்தாக்குக்குத் தன்னார்வ ஊழியத்துக்குப் போகும் நம் ஊர் நர்ஸோ ஆசிரியரோ முதலில் கேட்பது சிங்கத்தைப் பற்றித்தான். சிங்கம் அங்கே இருக்கிறது. ஆனால் மிஷன் குவார்ட்டர்ஸில் தங்கி வேலைக்குப் போய்வருகிறவருக்கு ஆபத்து பெரும்பாலும் கழிப்பறைக்குப் போகும் வழியிலும், விறகுக் குவியலிலும், ஆற்றங்கரையிலும் இருக்கிறது. அதனால் சிங்கத்தைக் கடைசிப் பக்கம் தள்ளிவிடுவோம்.

படி 1: கிளம்பும் முன் கேளுங்கள்

உங்களை அழைக்கும் ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கோ மெயில் போட்டு விசாரியுங்கள். பாம்புக்கடிக்கு மருந்து கையிருப்பில் இருக்கிறதா? எந்த நாட்டுத் தயாரிப்பு? இல்லையென்றால் அது கிடைக்கும் ஆஸ்பத்திரிக்கு மழைக்காலத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்? நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. மண்சாலை சேறாகிவிட்டால் கோடையில் சொன்ன கணக்கு எதுவும் செல்லாது. ஆக்சிஜனும், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பையும் இருக்கின்றனவா? விமானத்தில் கொண்டுபோக வேண்டி வந்தால் இன்சூரன்ஸ் அந்தச் செலவை ஏற்குமா?

இப்படிக் கேட்பது விசுவாசக் குறைவு என்று சபையில் யாராவது சொல்லக்கூடும். மாற்கு 16-இல் சர்ப்பங்களை எடுப்பார்கள் என்று இருக்கிறதே என்பார்கள். நீங்கள் மத்தேயு 4-ஐக் காட்டுங்கள். சங்கீதம் 91-ஐச் சொல்லி ஆண்டவரைக் கீழே குதிக்கச் சொன்னது யார் என்று அங்கே எழுதியிருக்கிறது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். ஊரிலிருந்து விஷமுறிவு மருந்து வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். நம் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு தயாராவது. அந்த விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் லுவாங்வாவில் கடிப்பவை வேறு பாம்புகள். அவற்றுக்குத் தென்னாப்பிரிக்காவில் தயாராகும் மருந்து போல, ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கென்றே செய்த மருந்துதான் வேண்டும். தவிர, எந்த விஷமுறிவு மருந்தும் கடும் ஒவ்வாமையைக் கிளப்பிவிடலாம். வீட்டில் வைத்துப் போடுகிற ஊசியில்லை.

பெட்டியில் இடம் மிச்சமிருந்தால் நல்ல டார்ச் இரண்டு, பேட்டரிகள், கணுக்கால் மூடும் ஷூ, கொசுவலை.

படி 2: மூன்று பாம்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பஃப் ஆடர்: தடித்த, குட்டையான விரியன் வகை. காலடி கேட்டாலும் விலகாமல் சருகோடு சருகாகக் கிடக்கும். நாம்தான் போய் மிதிப்போம். கடித்த இடம் வீங்கிக் கொப்பளித்து, தசை அழுகும்.

கறுப்பு மாம்பா: பெயரை நம்பாதீர்கள். உடல் சாம்பல் அல்லது பழுப்பு நிறம். வாயின் உட்புறம்தான் கறுப்பு. இதன் விஷம் நரம்பைத் தாக்கும்.

மொசாம்பிக் துப்பும் நாகம்: இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றே கண்ணைக் குறிவைத்து விஷத்தைப் பீய்ச்சும். எலியைத் தேடி வீட்டுக்குள் வந்து, தூங்குகிறவர்களையும் கடிக்கும்.

படி 3: வீட்டை ஒழுங்கு பண்ணுங்கள்

கிராமத்து வீடுகளைச் சுற்றிப் புல்லே இல்லாமல் மண்தரையைப் பெருக்கி வைத்திருப்பார்கள். வெறும் மண்ணில் பாம்பு வந்தால் கண்ணில் படும். அழகுக்காக அங்கே புல்தரை போட்டுவிடாதீர்கள். கதவடி இடைவெளியை அடையுங்கள். மாவு மூட்டையை மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். எலி வராவிட்டால் பாம்புக்கும் வேலையில்லை. தரையில் படுக்காதீர்கள், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகுங்கள். தேளுக்காக ஷூவை உதறிப் போட வேண்டும்.

விறகை வீட்டுச் சுவரோடு அடுக்காதீர்கள். மெலித்தா தீவில் பவுலின் கையை விரியன் கவ்வியது அவர் விறகு அள்ளிப் போட்டபோதுதான். நீங்கள் முதலில் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

படி 4: வாட்ச்மேனிடம் பாடம் கேளுங்கள்

வந்த வாரமே இதைச் செய்யுங்கள். "எந்தப் பாதையில் எத்தனை மணிக்கு மேல் நீங்கள் நடக்க மாட்டீர்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். நியாஞ்சா மொழியில் நான்கு சொற்கள் போதும்: ன்ஜோகா என்றால் பாம்பு, ன்ஜோவு யானை, ம்வூ நீர்யானை, ங்ஓனா முதலை. யாராவது இதில் ஒன்றைக் கத்தினால் எங்கே என்று பார்க்கப் போகாமல் அவர்கள் ஓடும் பக்கம் நகருங்கள்.

இருட்டிய பின் வார்டுக்குப் போவதானாலும் டார்ச்சைக் காலடியில் அடித்து நடங்கள். நீர்யானை பகலில் தண்ணீரில் கிடக்கும். இரவில் கரையேறிப் புல் மேயும். விடியும் முன் அது ஆற்றுக்குத் திரும்பும் வழியில் நீங்கள் குறுக்கே நிற்கக் கூடாது. அதிகாலை ஜெபத்துக்கு ஆற்றோரமாகத் தனியாக நடப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஒன்றரை டன் எடை இருந்தாலும் அது மனிதனைவிட வேகமாக ஓடும்.

படி 5: ஆறு

குளிக்க, துணி துவைக்க ஆற்றில் இறங்கவே வேண்டாம். கரையோரம் குனிந்து தண்ணீர் மொள்வதும் ஆபத்துதான். ஞானஸ்நான ஆராதனைக்கு ஆற்றில் இறங்கலாமா என்ற கேள்வி வரும். 2018-இல் எத்தியோப்பியாவின் அபாயா ஏரியில் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்த போதகர் ஒருவரை முதலை கொன்றது. சிமெண்ட் தொட்டி கட்டச் சொல்லுங்கள்.

படி 6: யானை

இங்கே யானையை வரவழைப்பது பெரும்பாலும் சாப்பாடு. மாம்பழமும் மக்காச்சோளமும் வீட்டுக்குள் இருந்தால் சுவரை இடித்தும் எடுக்கும். முற்றத்தில் வந்து நின்றால் உள்ளேயே இருங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். வயல்காரர்கள் மிளகாய்த்தூளைச் சாணத்தோடு பிசைந்து எரித்துப் புகை போடுகிறார்கள். அது அவர்கள் கைப்பழக்கம், பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

சிங்கம்? நடந்து போகையில் எதிரே கண்டால் ஓடாதீர்கள். முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்குங்கள். மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனை 1844-இல் தென்னாப்பிரிக்காவின் மபோட்சாவில் சிங்கம் தாக்கிக் கையை முறித்தது, அவர் அதைச் சுட்ட பிறகு. அந்தக் கையெலும்பு முறிவை வைத்துத்தான் 1874-இல் லண்டனில் அவருடைய உடலை அடையாளம் கண்டார்கள்.

படி 7: பாம்பு கடித்துவிட்டால்

சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மோதிரம், வளையல், கடிகாரத்தை உடனே கழற்றுங்கள்; வீங்கிய பின் கழற்ற வராது. கடிபட்டவரைப் படுக்க வைத்து, அந்தக் கை அல்லது காலை மட்டையோடு தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் வண்டியில் ஏற்றுங்கள். ஜெபத்தை வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கண்ணிமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ நரம்பு விஷம் ஏறுகிறது. மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்தாவது மூச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள். போய்ச் சேரும்வரை நிறுத்தக் கூடாது.

கண்ணில் விஷம் பட்டால் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீரை கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவி, டாக்டரிடம் போங்கள்.

பாம்பை அடித்து எடுத்துவர வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு படம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. கடித்த நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.