கறுப்பு காரில் சுழல் கீறல்: எடுக்கப் போய் கூட்டிவிடாதீர்கள்

கறுப்பு அல்லது கருநீலக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய அதிர்ச்சி. நிழலில் கண்ணாடி மாதிரி பளபளத்த பானெட், வெயில் நேராக விழுந்ததும் சிலந்தி வலை பின்னியதுபோல் தெரியும். பார்த்த வேகத்தில் ஏதாவது ஒரு பாலிஷை வாங்கித் தேய்க்க ஆரம்பிப்பார்கள். தவறுகளில் பாதி அந்த அவசரத்தில்தான் நடக்கிறது.

முதலில் ஒரு விஷயம். அந்தக் கீறல்கள் உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசையிலும் கிடக்கும் நுண்ணிய கோடுகள்தான். வெளிச்சத்துக்குக் குறுக்கே இருக்கும் கோடுகள் மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வளையம் போட்டதுபோல் தோன்றுகிறது. விளக்கை நகர்த்தினால் வளையமும் கூடவே நகரும். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. அடர் நிறம் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் கீறலின் விளிம்பில் சிதறும் ஒளி பளிச்சென்று தனியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இப்போது பெயின்ட். தகட்டின் மேல் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். புதுக் காரில் இந்தக் கடைசிப் படலம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். ஒரு தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான். பாலிஷ் கீறலை நிரப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைச் சீவி எடுக்கிறது. எடுத்தது எடுத்ததுதான், மறுபடி வளராது. வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் இதே படலம் என்பதால் கஞ்சத்தனம் இங்கே நல்ல குணம்.

அதனால் எல்லாக் கீறலையும் துரத்தக் கூடாது. கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷுக்கு அடங்காத ஆழம். கொஞ்சம் தண்ணீர் தடவியதும் கோடு மறைந்தால் பெரும்பாலும் கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது என்று அர்த்தம். ஆழமான ஒற்றைக் கோட்டின் முனைகளை மழுக்கி, கண்ணில் உறுத்தாதபடி செய்துவிட்டு விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் காராக இருந்தால் பாலிஷ் பக்கமே போகாதீர்கள், திட்டுத் திட்டாகப் பளபளத்துவிடும்.

அடுத்தது, சரியாகக் கழுவாமல் பாலிஷ் போடுவது. கழுவிய பிறகும் கையில் மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவினால் நறநறவென்று இருக்கும். பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகள், தார், மரப்பிசின் எல்லாம் அதில் உண்டு. அதை க்ளே பார் என்ற, அழுக்கை ஒட்டி இழுக்கும் களிமண் போன்ற கட்டி வைத்து எடுக்க வேண்டும். க்ளேயை வழுக்கும் திரவம் இல்லாமல் தேய்த்தாலோ, தரையில் விழுந்த துண்டை ஊதிவிட்டுத் திரும்பப் பயன்படுத்தினாலோ புதுக் கீறல்தான் மிச்சம். கீழே விழுந்தால் குப்பைத்தொட்டி. அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

எனக்குப் பாடம் கற்றுத்தந்தது அதற்கடுத்த தவறு. முதல்முறை செய்தபோது கம்பளி பேடையும் இருப்பதிலேயே கரடான காம்பவுண்டையும் (அதிகம் சீவும் பாலிஷ்) ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினில் போட்டு முழு பானெட்டையும் ஒரே மூச்சில் முடித்தேன். ஷெட்டுக்குள் அபாரமாக இருந்தது. மறுநாள் வெயிலில் பார்த்தால் சுழல் கீறல் போய், அந்த இடத்தில் முப்பரிமாண ஸ்டிக்கரில் தெரிவதுபோல் நிழல் நிழலாகப் பட்டைகள்! ஹோலோகிராம் என்பார்கள். அதை எடுக்க இன்னொரு சுற்று மெல்லிய பாலிஷ், அதாவது இன்னும் கொஞ்சம் கிளியர் கோட் காலி.

செய்திருக்க வேண்டியது இதுதான். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, மெல்லிய பாலிஷ், மிருதுவான ஃபோம் பேட், சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் மெஷின், பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு. கையை அவசரப்படுத்தாமல், முந்தைய தடத்தின் பாதி மேல் அடுத்த தடம் விழும்படி குறுக்கும் நெடுக்கும் நான்கு முறை. அப்புறம் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பது. போதவில்லை என்றால் முதலில் பேடை மாற்ற வேண்டும், பிறகுதான் பாலிஷை. அந்தச் சதுரத்தில் பலித்ததை மட்டும் மற்ற இடங்களுக்குக் கொண்டுபோகலாம்.

சொட்டு என்று சொன்னது காரணத்தோடுதான். அதிகம் ஊற்றினால் பேட் ஊறிப்போய் வழுக்குமே தவிர வெட்டாது. சுடும் தகட்டில் செய்தாலும் பாலிஷ் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஓரங்கள், மடிப்புக் கோடுகள், கதவு விளிம்புகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கெல்லாம் டேப் ஒட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சூடு சீக்கிரம் தேங்கும், மெஷின் ஓரிடத்தில் நிற்கவே கூடாது.

பற்பசை வைத்தியம் பற்றியும் கேட்பார்கள். அதிலும் உரசும் துகள் இருக்கிறது, ஆனால் பெயின்டுக்காகச் செய்ததல்ல. அதை நம்பி கறுப்புக் காரில் இறங்க மாட்டேன்.

இன்னொரு ஏமாற்று, முடிவைப் பார்ப்பதில் நடக்கிறது. பல பாலிஷ்களில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் உட்கார்ந்து அதைத் தற்காலிகமாக மறைத்துவிடும். நான்கு முறை கழுவியதும் பழைய வலை எட்டிப் பார்க்கும். அந்த எண்ணெயை எடுத்துவிடும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து, அதனால் துடைத்துவிட்டுப் பாருங்கள், உண்மை தெரியும். இந்தச் சோதனை முடியாமல் செராமிக் கோட்டிங் என்ற நீடித்த காப்புப் படலம் போட்டால் மிச்சக் கீறல்களையும் சேர்த்து உள்ளே பூட்டிவைத்ததாகிவிடும். வாக்ஸும் அப்படியே. அது காப்புதான், கீறலை எடுக்காது.

எல்லாம் முடித்த மறுநாள் காலை, காரின் மேல் லேசாகத் தூசி. கையில் கிடைத்த உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு. சுழல் கீறல்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கழுவும்போது முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட்டு, ஷாம்புக்கு ஒரு வாளி, கார் தேய்க்கும் கையுறையை அலச ஒரு வாளி எனத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். துடைக்க, தடித்த மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு அழுத்தாமல் இழுத்தால் போதும். அதன் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதல் நாளே வெட்டிவிடுங்கள், அதுவும் கோடு போடும்.