வசனத்தாளைக் கொடுப்பதற்கு முன்: பள்ளி நாடகப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டு விழாவுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதுதான் பல பள்ளிகளில் நாடகம் நினைவுக்கு வருகிறது. பொறுப்பு பெரும்பாலும் தமிழாசிரியர் தலையில் விழும். அவர் ஒரு கதையை எடுத்து வசனம் எழுதுவார். நன்றாகப் பேசக்கூடிய ஏழெட்டுப் பிள்ளைகளைப் பொறுக்குவார். தாளை நகலெடுத்துக் கொடுத்து, "திங்கட்கிழமைக்குள்ள மனப்பாடம் பண்ணிட்டு வாங்க" என்பார். பயிற்சி கோணலாகத் தொடங்கும் இடம் இதுதான். பின்னால் வரும் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

வீட்டில் தனியாக உட்கார்ந்து உருப்போட்ட பிள்ளை, வசனத்தை ஒரே ராகத்தில் பதித்துக்கொண்டு வருகிறது. எதிரில் நிற்பவன் கெஞ்சினாலும் மிரட்டினாலும் அதே ராகத்தில்தான் பதில் வரும். அவன் பேசும்போது இந்தப் பிள்ளையின் கவனம் அவன் சொல்வதில் இல்லை, அவன் எப்போது முடிப்பான் என்பதில் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு இது உடனே தெரிந்துவிடும். இரண்டு பேர் பேசிக்கொள்வதாக இல்லாமல், இரண்டு பேர் மாறி மாறி ஒப்பிப்பதாக இருக்கும்.

மாற்று வழி கடினமானதல்ல. முதலில் நிலைமையை மட்டும் சொல்லுங்கள். "அப்பா உன்னைப் படிப்பை நிறுத்தச் சொல்றார். நீ போகணும்னு நிக்கிற." இவ்வளவு போதும். இரண்டு பேர் எழுந்து தங்கள் வாயில் வருவதைப் பேசட்டும். அப்புறம் வேறு இரண்டு பேர். வகுப்பே பார்த்து, எந்த வரி நெஞ்சில் பட்டது என்று சொல்லட்டும். அந்த வரிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து வசனம் எழுதுங்கள். திருநெல்வேலிப் பிள்ளை தன் அப்பாவிடம் "தந்தையே, எனக்குக் கல்வி வேண்டும்" என்று ஒருநாளும் பேசியதில்லை. அது தன் பேச்சில் பேசும்போது முதுகு நிமிர்வதையும் கை தானாக அசைவதையும் நீங்களே பார்ப்பீர்கள். அரச கதை என்றால் செந்தமிழ் வேண்டும், சரி. அங்கேயும் முதலில் சொந்தப் பேச்சில் அந்தக் காட்சியை வாழ்ந்துவிட்டுச் செந்தமிழுக்குப் போனால் வசனத்தின் பொருள் வாயோடு சேர்ந்தே வரும்.

"அந்தக் காலத்தில் நெட்டுருப் போட்டுத்தானே பெரிய நடிகர்கள் வந்தார்கள்?" என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைப் போன்ற, சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் பாட்டும் வசனமும் மனப்பாடம்தான். ஆனால் அந்தச் சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக மேடை ஏறினார்கள். மனப்பாடம் தராததைப் பார்வையாளர் முன் கழித்த இரவுகள் தந்தன. நம் பிள்ளைக்குக் கிடைப்பது சில பாடவேளைகளும் ஒரே ஒரு மேடையும். அவர்கள் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களுக்குக் கிடைத்த காலத்தை விட்டுவிட்டால் ஒப்பித்தல்தான் மிஞ்சும்.

கேட்கும் பழக்கத்தை வளர்க்க எளிய விளையாட்டு ஒன்று இருக்கிறது. பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். 1 முதல் 20 வரை எண்ண வேண்டும், யார் அடுத்த எண்ணைச் சொல்வது என்று ஏற்பாடு கிடையாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னால் மறுபடி 1. முதல் நாள் ஐந்தைத் தாண்டுவதே பெரிய பாடாக இருக்கும். சில நாட்களில் அடுத்தவர் மூச்சை எடுப்பது கூடக் காதில் விழத் தொடங்கும். இதை நேரவிரயம் என்று நினைத்து நேராக ஒத்திகைக்குப் போவதும் ஒரு தவறுதான். யாழ்ப்பாணத்தில் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி களப்பயிற்சிக்கு, அதாவது செய்து பழகும் பட்டறைக்கு, அத்தனை முக்கியத்துவம் கொடுத்தது சும்மா இல்லை.

அடுத்தது, ஆசிரியரே நடித்துக் காட்டி "இதே மாதிரி செய்" என்பது. அவசரத்தில் எல்லோருக்கும் கை இதற்குத்தான் போகும். பிள்ளையும் அப்படியே செய்யும், அதாவது நாற்பது வயதுக்காரரின் உடலசைவைப் பத்து வயது உடம்பில் மாட்டிக்கொள்ளும். "கோபமாப் பேசு" என்பதும் இதே வகை. கோபம் என்றதும் புருவத்தை நெரித்துக் கத்தும், வேறு என்ன செய்ய முடியும்? உணர்ச்சிக்குப் பதில் ஒரு வேலை கொடுங்கள். "அவன் கையில இருக்கிற கடிதத்தை வாங்கு. அவனைத் தொடக்கூடாது, பிடுங்கக்கூடாது." இப்போது கெஞ்சல், ஏமாற்று, மிரட்டல் எல்லாம் தானாக வரும். "நான்" என்றால் நெஞ்சைத் தொடுவது, "வானம்" என்றால் மேலே கையைத் தூக்குவது என்று ஒப்புவித்தல் போட்டியில் படிந்த பழக்கமும் இதில் மெல்லக் கழன்றுவிடும்.

குரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "சத்தமாப் பேசு, கடைசி வரிசைக்குக் கேக்கல" என்பது ஒத்திகைகளில் அடிக்கடி கேட்கும் கட்டளை. பிள்ளை தொண்டையை இறுக்கிக் கத்துகிறது, விழாவன்று தொண்டை கட்டிக்கொள்கிறது. கேட்காமல் போவதற்குக் காரணம் பல நேரம் சத்தக் குறைவு இல்லை, மூச்சு தீர்ந்துபோவது. தமிழில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பிள்ளைகளின் மூச்சு தீருவதும் அங்கேதான். "நான் அந்தப் பணத்தை எடுக்கவில்லை" என்ற வரியில் கடைசிப் பகுதி கரைந்துபோனால் குற்றமற்றவன் திருடனாகிவிடுகிறான். அதனால் நீளமான வரியில் எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று தாளில் கோடு போட்டுக் கொடுங்கள். மைதானத்தின் ஒரு முனையில் ஒருவர், மறு முனையில் ஒருவர் நிற்கட்டும். கடைசி அசை கேட்கவில்லை என்றால் அந்த முனையில் இருப்பவர் கையைத் தூக்க வேண்டும். பேசுகிறவர் கத்தாமல், மூச்சைச் சேமித்து, மெதுவாக முடிக்கப் பழகுவார். தொடங்கும் முன் ஐந்து நிமிடம் வாயை மூடி "ம்ம்" என்று முனகவிடுவதும் வயிறு அசைய மூச்சு விடச் சொல்வதும் தொண்டைக்கு நல்லது. எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடையும் காலம். அவர்களிடம் உச்சக்குரல் கேட்காதீர்கள், குரல் பிசிறினால் மற்றவர்கள் சிரிக்கவும் விடாதீர்கள்.

ஒலிபெருக்கித் தொல்லைக்குப் பயந்து வசனத்தை முன்கூட்டியே பதிவுசெய்து, மேடையில் வாயசைக்க வைக்கும் பள்ளிகள் இப்போது நிறைய. காரணம் புரிகிறது. ஆனாலும் இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். பதிவு ஓடும்போது பிள்ளை எதையும் கேட்க வேண்டியதில்லை, எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய அத்தனையும் அங்கே அறுந்துபோகிறது. அதைவிட, மைக் இல்லாமல் மரத்தடியில், மூன்று பக்கமும் ஆட்களை உட்காரவைத்து நடத்துங்கள். முதுகு யாருக்காவது தெரியும், தெரியட்டும். "முதுகு காட்டாதே" என்ற விதியால்தான் எல்லோரும் வரிசையாக நின்று பார்வையாளரைப் பார்த்துப் பேசும் பழக்கம் வந்தது.

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் மற்றவர்கள் என்ன செய்வது? கூச்சப்படும் பிள்ளைக்குப் பச்சைத் துணி சுற்றி மரமாக நிறுத்துவது வழக்கம். இது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். தெருக்கூத்தைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடிக்க, பாத்திரம் அதன் பின்னிருந்து வருகிறது. கட்டியங்காரன் கதையைக் கோக்கிறான், கேலி பேசுகிறான், பார்வையாளரோடும் பேசுகிறான். பின்பாட்டுக்காரர்கள் நடிகனின் பாட்டைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். இந்த அமைப்பில் நாற்பது பேருக்கும் வேலை உண்டு. தனியாகப் பேசப் பயப்படும் பிள்ளை, பத்துப் பேரோடு சேர்ந்து பின்பாட்டில் குரல் எடுக்கும்போது அதன் பயம் கரைவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பாத்திரம் பிரிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கறுப்பாக இருக்கும் பிள்ளைக்கு எமன் அல்லது அடியாள், குண்டாக இருக்கும் பிள்ளைக்குக் கோமாளி. அந்தப் பட்டப்பெயர் விழாவோடு போவதில்லை, பள்ளி முடியும்வரை கூடவே வரும். எல்லாப் பாத்திரத்தையும் எல்லோரும் ஒரு முறையாவது செய்துபார்த்த பிறகே பிரித்துக் கொடுங்கள்.

அழுகைக் காட்சிக்காக, "உங்க பாட்டி செத்ததை நினைச்சுக்கோ" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தத் துக்கத்தைத் திறந்துவிட்டு மூட உங்களுக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. குடிகார அப்பா, குழந்தைத் திருமணம் போன்றவை பள்ளி நாடகங்களுக்குப் பிடித்தமான கருக்கள். அதே வீட்டிலிருந்து வரும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்தாமல், விலகிக்கொள்ள வழி விட்டு வையுங்கள். கனமான காட்சி முடிந்ததும் எல்லோரும் கைகால்களை உதறி, தங்கள் சொந்தப் பெயரை உரக்கச் சொல்லி, ஓடிப்பிடித்து விளையாடிவிட்டு வகுப்புக்குப் போகட்டும். அடிக்கும் காட்சியில் நிஜ அடி கூடவே கூடாது, லேசாகக்கூட.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழாப் போட்டிகள் தொடங்கிய பிறகு நாடகத்துக்குப் புது மதிப்பு வந்திருக்கிறது. மனதார மகிழ்கிறேன். கூடவே போட்டிப் பதற்றமும் வந்துவிட்டது. முந்தின நாள் மாலை வசனத்தை மாற்றுவது, கடைசியில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கருத்துச் சொல்ல வைப்பது, பக்கவாட்டில் நின்று ஆசிரியர் வரி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அந்தப் பதற்றத்தின் வேலை. கடைசி வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். அதற்குப் பதில், ஒத்திகையில் ஒரு பிள்ளையிடம் ரகசியமாகச் சொல்லி ஒரு வரியை விடச் செய்யுங்கள், ஒரு பொருளை ஒளித்துவையுங்கள். ஆட்டத்தை நிறுத்தாமல் மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள். தடுமாறினால் கை தட்டி நிறுத்தாமல் காத்திருங்கள். யாராவது ஒரு பிள்ளை, தாளில் இல்லாத ஒரு வரியைச் சொல்லிக் கதையைத் தூக்கி நிறுத்தும்.