இளம் விண்மீன் பொங்கினால் அதை ‘வெடித்தது’ என்று எழுதாதீர்கள்

வானில் மிருகசீரிடத்துக்கும் திருவாதிரைக்கும் ஏறக்குறைய நடுவில் எஃப்யூ ஓரியானிஸ் என்ற விண்மீன் இருக்கிறது. 1936-37இல் அது நூறு மடங்குக்கும் மேல் பிரகாசமாகி, இன்றுவரை பெரிதாக மங்காமல் இருக்கிறது. இதைச் சொன்னதும் “ஓ, வெடித்துவிட்டதா?” என்றுதான் பலரும் கேட்பார்கள். செய்திகளிலும் ‘வெடிப்பு’ என்றே போட்டுவிடுகிறார்கள். சூப்பர்நோவாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதால் வரும் தவறு இது. சூப்பர்நோவா ஒரு விண்மீனின் சாவு. இதுவோ இன்னும் வளர்கிற பிள்ளை. அதைச் சுற்றி வாயுவும் தூசியும் சேர்ந்த வட்டு ஒன்று சுழல்கிறது. வழக்கமாக அதிலிருந்து பொருள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விண்மீனில் விழும். ஆண்டுக்குப் பத்து பூமி அளவுக்கு மேல் கொட்டத் தொடங்கினால் வட்டின் உட்பகுதி தகதகவென்று ஒளிரும். நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த வட்டின் வெளிச்சம். ‘பொங்கியது’ என்று எழுதினால் சரியாக இருக்கும்.

அடுத்தது, வட்டில் உள்ள பனி ‘உருகி ஓடும்’ என்பது. அங்கே அழுத்தம் மிகக் குறைவு. திறந்து வைத்த கற்பூரம் போலப் பனி நேரே ஆவியாகிவிடும். சூரியனைப் போன்ற இளம் விண்மீனைச் சுற்றித் தண்ணீர் பனியாக உறையத் தொடங்கும் எல்லை, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல ஐந்து மடங்குக்குள் இருக்கும். வி883 ஓரியானிஸ் என்ற இளம் விண்மீன் பொங்கியபோது அந்த எல்லை நாற்பது மடங்குக்கு மேல் தள்ளிப்போயிருந்தது. நம் சூரியக் குடும்பத்தில் வைத்துப் பார்த்தால் நெப்டியூனையும் தாண்டிய இடம்! சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கி மூலம் கண்ட இது 2016இல் வெளியானது. பொங்கல் தணிந்ததும் அந்த ஆவி தூசித் துகள்கள் மேலேயே திரும்ப உறையும்.

‘சுற்றியுள்ள எல்லாம் எரிந்து நாசமாகும்’ என்ற எண்ணமும் வேண்டாம். 2008இல் ஈஎக்ஸ் லூபி என்ற இளம் விண்மீன் சில மாதங்கள் பொங்கியது. ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி பார்த்தபோது, முன்பு காணாத ஃபோர்ஸ்டரைட் என்ற சிலிக்கேட் கனிமத்தின் படிகங்கள் வட்டில் தெரிந்தன. ஒழுங்கற்ற சிலிக்கேட் தூசி சூடேறிப் படிகமாகியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏனென்றால் நம் வால்விண்மீன்களிலும் இப்படிப்பட்ட படிகங்கள் இருக்கின்றன. உறைகுளிரில் உருவானவற்றுக்குள் சூட்டில் பிறந்த படிகம் எப்படி வந்தது என்பது நெடுநாள் கேள்வி. நம் சூரியனும் சின்ன வயதில் இப்படிப் பொங்கியிருந்தால் அதற்கு ஒரு விடை கிடைக்கிறது.

அப்புறம், புதிதாகத் தெரியும் ஒண்முகிலை (நெபுலாவை) ‘விண்மீன் வீசியெறிந்த வாயு’ என்று எண்ணிவிடுவது. 2004 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜே மெக்நீல் என்ற அமெச்சூர் வானியலர் தம் சிறிய தொலைநோக்கியால் எடுத்த படத்தில், அதுவரை யாரும் குறித்து வைக்காத ஒரு ஒண்முகில் இருந்தது. ஏற்கெனவே அங்கிருந்த தூசியின் மேல், பொங்கிய இளம் விண்மீனான வி1647 ஓரியானிஸின் வெளிச்சம் பட்டதால் தெரிந்தது அது. பழைய படங்களைத் தேடிப் பார்த்தால், 1966இல் எடுத்த ஒன்றிலும் அதே ஒண்முகில் இருக்கிறது.